ஆல்ப்ஸ் கணவாய்களின் வழியே காரில்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

ஐரோப்பாவில் கார் ஓட்டிச் சுற்றுலா செல்லத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் வரைபடத்தை விரித்து, ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள். சமவெளியில் அந்தக் கணக்கு சரியாக வரும். ஆல்ப்ஸ் மலையில் ஏமாற்றிவிடும். சுவிட்சர்லாந்தின் இன்னெர்ட்கிர்ஹென் என்ற சிற்றூரிலிருந்து கிரிம்சல், ஃபுர்க்கா ஆகிய இரண்டு கணவாய்களையும் கடந்து ஆண்டர்மாட் சேர 70 கிலோமீட்டருக்கும் குறைவான தூரம்தான் என்றாலும், நின்று பார்த்துச் செல்பவருக்கு அது ஒரு முழுநாள் பயணம். முதல்முறை சென்றபோது நானும் ஒரே நாளில் நான்கு கணவாய்கள் என்று எழுதி வைத்திருந்தேன். மூன்றாவதிலேயே இருட்டிவிட்டது, விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது சமையலறையைப் பூட்டியிருந்தார்கள், அன்றைய இரவு உணவு பிஸ்கட்டோடு முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய கணவாய், மிஞ்சினால் இரண்டு என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

விமானச் சீட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியது கணவாய்கள் திறந்திருக்கும் காலம். உயரமான கணவாய்ச் சாலைகள் பனிக்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும். ஃபுர்க்கா (2429 மீட்டர்), சுஸ்டன், கிரிம்சல் (2164 மீட்டர்) ஆகியவை பொதுவாக ஜூன் மாத வாக்கில் திறந்து அக்டோபரில் மூடப்படும். இத்தாலியின் ஸ்டெல்வியோ (2757 மீட்டர்) மே இறுதியிலோ ஜூன் தொடக்கத்திலோ திறக்கும். ஆஸ்திரியாவின் கிராஸ்குளோக்னர் மலைச்சாலை மே தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரை திறந்திருக்கும். இவையெல்லாம் வழக்கம் மட்டுமே. பனி அதிகமாகப் பெய்த ஆண்டில் திறப்பு இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போகும். பள்ளி விடுமுறையை நம்பி மே மாதத்தில் கிளம்பும் குடும்பங்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஜூன் பிற்பகுதியும் செப்டம்பர் முதல் மூன்று வாரங்களும் என் தேர்வு. ஜூனில் சாலையின் இருபுறமும் வெட்டி ஒதுக்கிய பனிச்சுவர் இன்னும் கரையாமல் நிற்கும். செப்டம்பரில் வானம் தெளிந்து, கூட்டம் குறைந்திருக்கும். ஆகஸ்டைத் தவிர்க்கலாம், முக்கியமாக ஆகஸ்டு 15-ஐ ஒட்டிய வாரத்தில் இத்தாலியர்கள் அனைவரும் விடுமுறையில் இருப்பார்கள், அறை கிடைப்பதே அரிது. இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும்: ஸ்டெல்வியோவிலும் இத்தாலியின் டோலோமைட் மலைகளின் செல்லா கணவாய்களிலும் ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்கள் சாலையை மிதிவண்டிக்காரர்களுக்கு மட்டும் ஒதுக்கி, மோட்டார் வாகனங்களைத் தடுத்துவிடுவார்கள். உங்கள் நாள் அதில் விழுகிறதா என்று முன்பே பாருங்கள்.

பாதை

முதல்முறை செல்பவருக்கு நான் பரிந்துரைக்கும் பாதை, ஜெர்மனியின் முனிக்கில் தொடங்கி முனிக்கிலேயே முடியும் ஒரு வட்டம். எடுத்த ஊரிலேயே காரைத் திருப்பிக் கொடுத்தால், வேறு நாட்டில் விடுவதற்கான கூடுதல் கட்டணம் மிச்சமாகும். சில நேரம் அந்தக் கட்டணம் வாடகையையே விழுங்கும் அளவுக்கு வரும். இரண்டாவது காரணம், மலை ஏறுவதற்கு முன் சமவெளி நெடுஞ்சாலையில் ஒரு நாள் ஓட்டிப் பழகக் கிடைப்பது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கைக்கு, வலப்பக்கம் ஓட்டுவதும் இடக்கைப் பக்க ஸ்டீயரிங்கும் ஒரு நாளாவது தேவைப்படும் பயிற்சி.

முதல் நாள் இறங்கியதும் காரை எடுக்காதீர்கள். இரவெல்லாம் விமானத்தில் விழித்திருந்தவர் ஓட்டக் கூடாது. முனிக்கில் தூங்கி எழுந்து, மறுநாள் காலையில் காரை எடுத்து, சுமார் 350 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் செல்லுங்கள். மூன்றாம் நாள் வரும் புரூனிக் கணவாய் 1008 மீட்டர்தான். ஆண்டு முழுதும் திறந்திருக்கும் மிதமான சாலை, கைப்பழக்கத்துக்கு ஏற்றது. அதைத் தாண்டி இன்னெர்ட்கிர்ஹென் வழியே கிரிம்சல் ஏறினால் அணைகளும் மழுங்கிய கருங்கல் பாறைகளும் நிறைந்த நிலவு போன்ற ஓர் உலகம் விரியும். உச்சி கடந்ததும் கிளெட்ஷ் என்ற இடத்துக்கு இறங்கி, எதிரே ஃபுர்க்காவின் வளைவுகள் மலைச்சுவரில் கோடு கிழித்தாற்போல் ஏறுவதைப் பார்க்கலாம். அந்தச் சரிவின் ஒரு வளைவில் பூட்டிக் கிடக்கும் பழைய பெல்வெடேர் விடுதிக்குப் பின்னால்தான் ரோன் பனியாறு இருக்கிறது. மத்தியதரைக் கடலில் கலக்கும் ரோன் ஆறு அங்கே பிறக்கிறது. ஃபுர்க்காவைத் தாண்டினால் ஆண்டர்மாட். அதற்குக் கிழக்கே உள்ள ஓபரால்ப் கணவாய்க்கு (2044 மீட்டர்) அருகே வடகடலுக்குப் போகும் ரைன் பிறக்கிறது. காவிரியின் பிறப்பிடத்தைத் தேடித் தலைக்காவிரி ஏறியவர்களுக்கு, இரண்டு பேராறுகளின் தொடக்கத்தை இவ்வளவு கிட்டக்கிட்டப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆண்டர்மாட்டில் இரண்டு இரவுகள் தங்குங்கள். நடுவில் கிடைக்கும் நாளில் வானம் தெளிவாக இருந்தால் சுஸ்டன் போய்வரலாம், அல்லது காட்ஹார்ட் கணவாயின் தெற்குச் சரிவில் கல் பாவிய பழைய திரெமோலா சாலையில் மெதுவாக இறங்கலாம். மழையானால் அறையில் இருங்கள். மேகம் மூடிய கணவாயில் பத்து மீட்டர் சாலையைத் தவிர ஒன்றும் தெரியாது. திட்டத்தில் இப்படி ஒரு உபரி நாள் இல்லாதவர்கள்தான் மூடுபனியிலும் ஓட்டியே தீர வேண்டிய நிலைக்கு ஆளாகிறார்கள்.

அங்கிருந்து ஓபரால்ப், யூலியர் (2284 மீட்டர்) கணவாய்கள் வழியே எங்காடின் பள்ளத்தாக்கில் இறங்கி, செர்னெட்ஸில் ஓர் இரவு. மறுநாள் ஓஃபன் கணவாயைக் கடந்து முஸ்டைர் ஊருக்கு வந்தால், உலகப் பாரம்பரியச் சின்னமான பழமையான கன்னிமாடம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எல்லை கடந்து இத்தாலியின் பிராட்டோ ஊரில் இரண்டு இரவுகள் தங்குங்கள்.

பிராட்டோவில் தங்கச் சொல்வதற்குக் காரணம் ஸ்டெல்வியோ. 1820 முதல் 1825 வரை, அன்று ஆஸ்திரியப் பேரரசின் வசமிருந்த லோம்பார்டி பகுதியைத் திரோல் பகுதியுடன் இணைக்க, கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் அமைத்த சாலை இது. பிராட்டோ பக்கத்துச் சரிவில் 48 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட கல் உண்டு. எண்ணிக்கையைக் கேட்டுக் கொல்லிமலையின் 70 வளைவுகளை ஏறியவர்கள் சிரிக்கக்கூடும். ஆனால் கொல்லிமலை உச்சியைவிட ஏறத்தாழ இருமடங்கு உயரம், மிகக் குறுகிய வளைவுகள், காலை பத்து மணிக்கு மேல் திரள் திரளாக வரும் மோட்டார் சைக்கிள்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து அதை வேறு அனுபவமாக்கிவிடும். ஆகவே பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டு, காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பி, 48 வளைவுகளையும் ஏற்றத்தில் முடித்துவிடுங்கள். இறங்கும்போது அதே வழியில் வராமல், உச்சிக்குச் சற்றுக் கீழே பிரியும் உம்பிரைல் கணவாய் (2501 மீட்டர்) வழியாக மீண்டும் சுவிட்சர்லாந்துக்குள் இறங்கி, முஸ்டைர் வழியே சுற்றிவந்தால் மதிய உணவுக்கு பிராட்டோ வந்துவிடலாம். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

அடுத்து மெரானோ, போல்சானோ வழியே டோலோமைட் மலைகள். செல்வா ஊரில் மூன்று இரவுகள் தங்கி, கார்டெனா, கம்போலாங்கோ, போர்டோய், செல்லா ஆகிய நான்கு கணவாய்களையும் ஒரு வட்டமாகச் சுற்றுங்கள். மொத்தம் 60 கிலோமீட்டருக்கும் குறைவுதான், ஒரே நாளில் இரண்டு பெரிய கணவாய்களுக்கு மேல் நான் அனுமதிக்கும் ஒரே இடமும் இதுதான். மாலையில் அந்தச் சுண்ணாம்புப் பாறைகள் செம்பருத்தி நிறத்துக்கு மாறுவதைப் பார்க்க வெளியே இருங்கள். பிறகு லியென்ஸ் வழியாக ஆஸ்திரியாவின் ஹைலிகென்பிளுட்டில் ஓர் இரவு, அங்கிருந்து கிராஸ்குளோக்னர் சாலை. 1935 ஆகஸ்டு 3 அன்று திறக்கப்பட்ட, பொறியாளர் ஃபிரான்ஸ் வாலாக் வடிவமைத்த 48 கிலோமீட்டர் சாலை, 36 வளைவுகள். 3798 மீட்டர் உயரமுள்ள கிராஸ்குளோக்னர் சிகரத்துக்கு எதிரே, நாட்டின் மிக நீளமான பாஸ்டெர்ட்ஸே பனியாறு சுருங்கிக்கொண்டே வருவதை நின்று பார்க்கலாம். வடக்கே இறங்கி செல் அம் சீ ஏரிக்கரையில் ஓர் இரவு, பின் முனிக்.

விசாவும் உரிமமும்

மொத்தம் 13 இரவுகள். எண்ணிப் பார்த்தால் இத்தாலியில் ஐந்து, சுவிட்சர்லாந்தில் நான்கு, ஆஸ்திரியாவில் இரண்டு, ஜெர்மனியில் இரண்டு. இந்த நான்கு நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே முனிக்கில் இறங்கினாலும் இந்தத் திட்டத்துக்கு இத்தாலியிடம் செல்ல வேண்டும். ஒரு நாளைக் கூட்டிக் குறைத்தால் நாடே மாறிவிடும் என்பதால், இரவுக் கணக்கை முடித்துவிட்டுப் பிறகு விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழியாகப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெற வேண்டும்; ஓராண்டு செல்லும். இலங்கையில் அதை சிலோன் ஆட்டோமொபைல் சங்கம் தருகிறது. இது உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு மட்டுமே. மூல உரிமத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் செல்லும்.

காரை எடுக்கும்போது

ஐரோப்பாவில் பெரும்பாலான வாடகைக் கார்கள் கையால் கியர் மாற்றுபவை. தானியங்கி கியர் வேண்டுமென்றால் முன்பதிவிலேயே குறிப்பிட வேண்டும், விலையும் கூடும். வலக்கையால் கியர் போடுவது பழகாதவர்கள் அந்த விலையைக் கொடுத்துவிடுவது நல்லது என்பேன். கொண்டை ஊசி வளைவில் இடக்கை கதவைத் தடவிக் கியரைத் தேடும் அனுபவம் யாருக்கும் வேண்டாம். கார் சிறியதாக இருக்கட்டும். நான்கு பேர், நான்கு பெரிய பெட்டிகள் என்று வேனைப் போன்ற வண்டி எடுத்தால் பழைய ஊர்களின் சந்துகளிலும் விடுதிகளின் நிலத்தடி நிறுத்துமிடங்களிலும் திண்டாட வேண்டியிருக்கும்.

கவுண்டரில் மூன்று விஷயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் செல்ல அனுமதி உண்டா, விபத்தானால் நம் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு, டயரும் கண்ணாடியும் வண்டியின் அடிப்பகுதியும் காப்பீட்டில் அடங்குமா. மலைச்சாலையில் அடிபடுவது பெரும்பாலும் கடைசியில் சொன்ன மூன்றும்தான். முன்பணத்துக்கு ஓட்டுநரின் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணமும், ஒளி பட்டால் மின்னும் மேலங்கியும் வண்டியில் இருக்கின்றனவா என்று பார்த்து, மேலங்கியைப் பின்பெட்டியில் வைக்காமல் இருக்கைக்கு அருகில் வையுங்கள். வண்டி நின்றுவிட்டால் கதவைத் திறக்கும் முன்பே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

சாலைக் கட்டணம்

ஜெர்மனியில் கார்களுக்குச் சுங்கம் இல்லை. சுவிட்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளுக்கு 40 ஃபிராங்க் விலையில் ஓர் ஆண்டு விக்னெட் (சாலைக் கட்டண வில்லை) வாங்க வேண்டும். ஒரே வாரம் போனாலும் அதே விலை. இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 200 ஃபிராங்க். கண்ணாடியில் ஒட்டும் வில்லையாகவும், வண்டி எண்ணுடன் இணைந்த மின்வடிவிலும் கிடைக்கிறது. வாடகைக் காருக்கு, எண் தெரிந்த பிறகு மின்வடிவில் வாங்குவதே எளிது. ஆஸ்திரியாவில் குறுகிய கால விக்னெட்டுகள் உண்டு. இத்தாலியில் நுழைவில் சீட்டு எடுத்து வெளியேறும்போது பணம் கட்ட வேண்டும். கணவாய்ச் சாலைகளில் பெரும்பாலானவை இலவசம். கிராஸ்குளோக்னர் விதிவிலக்கு, ஒரு காருக்கு ஒரு நாளுக்கு 40 யூரோவுக்கு மேல். இரவில் அந்தச் சாலையைப் பூட்டிவிடுவார்கள்.

இத்தாலிய ஊர்களின் நடுவே வெள்ளை வட்டத்துக்குச் சிவப்பு விளிம்பு போட்ட பலகையைக் கண்டால் உள்ளே செல்லாதீர்கள். அது உள்ளூர்வாசிகளின் வண்டிகளுக்கு மட்டுமான பகுதி. கேமரா எண்ணைப் படம் பிடித்துவிடும்.

வழிகாட்டும் செயலி செய்யும் தவறு

கைபேசியில் ஆண்டர்மாட் என்று மட்டும் போட்டால், அது வேகமான வழியைத் தேடி, கணவாய்களைத் தவிர்த்து உங்களை நெடுஞ்சாலையிலேயே அனுப்பிவிடும். தெற்கே செல்பவர்களைக் காட்ஹார்டின் 16.9 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் தள்ளுவதும் இப்படித்தான். ஒவ்வொரு கணவாயின் உச்சியையும் இடைநிலையாகச் சேர்த்துவிடுங்கள். ஊர்ப்பெயர்களிலும் கவனம் தேவை: பிராட்டோவும் போல்சானோவும் இருக்கும் இத்தாலியின் தென் திரோல் பகுதியில் ஒவ்வோர் ஊருக்கும் இத்தாலியப் பெயர் ஒன்று, ஜெர்மன் பெயர் ஒன்று. போல்சானோவும் போட்ஸெனும் ஒன்றே. பிராட்டோவும் பிராடும் ஒன்றே. ஸ்டெல்வியோவைப் பலகையில் ஷ்டில்ஃப்ஸர் யோஹ் என்றும் எழுதியிருப்பார்கள். டோலோமைட்டின் சில பள்ளத்தாக்குகளில் லதின் என்ற உள்ளூர் மொழியில் மூன்றாவது பெயரும் சேரும். வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஏற்றம் தொடங்கும் இடத்தில் கணவாய் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று காட்டும் பெரிய பலகை இருக்கும். செயலி என்ன சொன்னாலும் பலகை சொல்வதே முடிவு. ஃபுர்க்கா மூடியிருந்தால், ஓபர்வால்டுக்கும் ரியால்ப்புக்கும் இடையே காரை ரயிலில் ஏற்றி 15.4 கிலோமீட்டர் சுரங்கத்தைக் கடக்கும் வசதி உண்டு.

மலையில் ஓட்டுதல்

நம்மூர் மலைச்சாலையில் ஓட்டத் தெரிந்தவருக்கு அடிப்படை தெரிந்ததுதான்: எந்தக் கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே 25 கிலோமீட்டர் இறங்கினால் அது சூடேறி, கருகிய வாடை வந்து, பிடிப்பை இழக்கும். தானியங்கி வண்டியிலும் கையால் இரண்டாம் மூன்றாம் கியரைத் தேர்ந்துகொள்ள வசதி இருக்கும். கிளம்பும் முன்பே அதைக் கற்றுக்கொள்ளுங்கள். மின்சாரக் காரில் இறக்கத்தில் பேட்டரி ஏறும், ஆனால் உச்சியில் முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டு இறங்கினால் அந்த மோட்டார் பிரேக் சரிவர வேலை செய்யாது.

மாற வேண்டிய பழக்கங்கள் வேறு. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிக்க வேண்டாம்; ஒதுங்க இடமற்ற கண்மறைவு வளைவில் மட்டும் போதும். குறுகிய செங்குத்துச் சாலையில் எதிரெதிரே வந்தால், சுவிட்சர்லாந்தில் இறங்கும் வண்டிதான் நிற்க வேண்டும். மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து மூன்று சுரத்தில் ஊதிக்கொண்டு வந்தால் அதற்கே முன்னுரிமை. நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்த சாலைகளில் அதன் ஓட்டுநர் காட்டும் சைகைக்குக் கட்டுப்பட வேண்டும். பின்னால் வேகமாக வருபவருக்கு ஒதுங்கி வழிவிடுவது கௌரவக் குறைவல்ல, அதற்கென்றே ஒதுங்குமிடங்கள் கட்டியிருக்கிறார்கள். மிதிவண்டியைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விடுங்கள். முன்னால் தெரியாத வளைவில் தாண்டவே கூடாது. சுவிட்சர்லாந்தில் பகலிலும் விளக்கெரிய ஓட்ட வேண்டும். அங்கே ஊருக்குள் 50, வெளியே 80, நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர் வேகம். மீறினால் அபராதம் கடுமையானது. குடித்திருந்தால் ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு, ஏழு டிகிரி குறையும். பள்ளத்தாக்கில் அரைக்கைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு புறப்பட்டவர்கள் ஸ்டெல்வியோ உச்சியில் நடுங்குவார்கள். ஜூலையிலும் பனி பெய்யலாம். பின் இருக்கையில் அமர்பவர்களுக்கு வளைவுகளில் தலைசுற்றல் வருவதால், காலையில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

எரிபொருளைப் பள்ளத்தாக்கிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். இத்தாலியில் பெட்ரோல் பென்சீனா, டீசல் கசோலியோ; பெயரைக் கேட்டுக் குழம்பி மாற்றி ஊற்றிவிட்டால் பயணமே நின்றுவிடும், மூடியில் ஒட்டியிருப்பதைப் படியுங்கள். உணவகங்கள் பிற்பகல் இரண்டு மணியோடு அடுப்பை அணைத்துவிட்டு மாலை ஆறுக்கு மேல்தான் திறக்கும், ஞாயிறன்று சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் பல்பொருள் கடைகள் மூடியிருக்கும் என்பதால் ரொட்டியும் பழமும் வண்டியில் இருக்கட்டும். சைவர்களுக்குத் தென் திரோல் எளிது: கீரையும் பாலாடைக்கட்டியும் சேர்த்த க்னோடெல் உருண்டை எங்கும் கிடைக்கும். பிராட்டோ, செல்வா போன்ற இரண்டு மூன்று இரவு நிறுத்தங்களில் சமையலறையுள்ள குடியிருப்பாக எடுத்தால், கொண்டுபோன அரிசிக்கும் வேலை கிடைக்கும்.

விபத்தோ உடல்நலக் குறைவோ நேர்ந்தால் இந்த நான்கு நாடுகளிலும் 112 என்ற எண் செயல்படும்.

முனிக்கில் திருப்பிக் கொடுக்கும் முன் தொட்டியை நிரப்பி, வண்டியை நான்கு பக்கமும் சக்கரங்களோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படங்களையும் ஒப்பந்தத்தையும் ஓராண்டுக்காவது அழிக்க வேண்டாம். இத்தாலியிலிருந்து அபராதக் கடிதம் பல மாதங்கள் கழித்தும் வீடு தேடி வரும்.